மேட்டுக்குள் போன ஒன்பது கெஜம்

ஓட்டப்பாதையை அளந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தவர்கள் அப்பா, தங்கச்சி, நான், அப்பாவோடு கான் வெட்டும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பிரா அறையில் இருக்கும் சித்தப்பா. அம்மா வரவில்லை. "ஓடுறதுக்கு எதுக்கு அளவு? கால் வலிச்சா நின்னுக்கிட வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டு விறகுக்குப் போய்விட்டாள். கட்டாயம் இருந்திருக்க வேண்டிய இன்னொருவரும் அங்கே இல்லை. அவர் பதுளையில் என் பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டர். மீற்றர் நாடா அவரிடம்தான் இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரு கயிறு.

அப்பாவுக்கு மலையில் கான் வெட்டுகிற வேலை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டும் வாய்க்காலைத்தான் எங்கள் பக்கத்தில் கான் என்பார்கள். அதைக் கொந்தரப்பாக எடுத்து வெட்டுவார்கள், சங்கிலிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு சங்கிலி என்றால் இருபத்திரண்டு கெஜம். தோட்டத்து இரும்புச் சங்கிலி ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீசை விட்டு வெளியே வராது. அதனால் அப்பா அதே நீளத்துக்கு ஒரு கயிற்றை முடிச்சுப் போட்டு, மழையில் சுருங்காமல் இருக்கத் தார் தடவி வைத்திருந்தார். வீட்டில் யாரும் அதில் துணி காயப்போட முடியாது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. முந்தின வருஷம் வரை பள்ளிக்கூடப் போட்டிகளில் நூறு கெஜ ஓட்டம்தான். அந்த வருஷம் அது நூறு மீற்றராக மாறியது. அந்த ஓட்டத்தின் மேல் எனக்கு ஒரு கட்டில் இருந்தது.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு முடித்து, பிறகு பதுளைக்குப் போனேன். விடியும் முன்னே ஏழாம் கட்டைக்கு, அதாவது ஏழாவது மைல்கல்லுக்கு, நடந்துபோய் மடுல்சீமைப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அந்த பஸ் வராது. மழை பெய்தால் ரோடு வராது. எப்படியோ பெரிய பரீட்சை பாஸாகிவிட்டேன். இனி உயர்தர வகுப்பு, இரண்டு வருஷம். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் போய் அதைப் படிக்க முடியாது. பள்ளி விடுதியில் தங்கக் கையில் வழியில்லை. மாஸ்டர்தான் சொன்னார், விளையாட்டில் மாகாணத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிற பையனுக்கு விடுதியில் ஒரு கட்டில் இலவசம் என்று. அந்தக் கட்டில் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கணக்கப்பிள்ளை ஏற்கெனவே இரண்டு தடவை அப்பாவிடம் கேட்டிருந்தார்: "மூத்தவனை எப்ப பேர் பதியிறது? கவ்வாத்துக்கு ஆள் பத்தலை." தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிடும் தோட்டத்து வேலைதான் கவ்வாத்து.

இனி ஓடிப் பழக இடம் வேண்டும். பதுளையில் பள்ளிக்கூட மைதானம் இருந்தது. ஆனால் மணி அடித்த கையோடு ஓடினால்தான் எனக்குத் திரும்பும் பஸ். தோட்டத்திலோ சமதரை என்பதே இல்லை. எங்கே நின்றாலும் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. ரோடு முழுக்க வளைவு. மட்டமாக இருந்தது ஒரே ஓர் இடம்தான். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால், அதன் கல்சுவரில் தொடங்கி நேராகப் போகும் பழைய வண்டிப்பாதை. மறுமுனையில் ஆள் உயர மேடு. அந்த மேட்டின் மேலிருந்து தேயிலைச் செடி தொடங்கும்.

"நூறு மீட்டர்னா எத்தன சங்கிலி?" என்றார் அப்பா.

நான் முந்தின நாளே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். "நூத்தி ஒம்பது கெஜம், ஒரு அடி. அஞ்சு சங்கிலிக்கு ரெண்டடி கம்மிப்பா."

சுவரில் கயிற்றின் ஒரு முனையைத் தங்கச்சி பிடித்தாள். சித்தப்பா மறுமுனையை இழுத்துக்கொண்டு போய் ஆணியடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அப்புறம் பாதிக் கயிறு. நாலரைச் சங்கிலியில் பாதை ஏறக்குறைய தீர்ந்துபோயிற்று. இன்னொரு கெஜத்தைக் காலால் எட்டி வைத்துப் பார்த்தால் சரியாக நூறு கெஜம். அங்கிருந்து ஒரே எட்டில் மேடு.

அப்பா மேட்டைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். "நூறு கெஜத்துக்குத்தான் எடம். மிச்சத்த அங்க போயி ஓடிக்க. மூச்சு இருக்குல்ல?"

"மிச்சத்துக்குப் பஸ்ஸுல போகச் சொல்லுங்கண்ணே" என்றார் சித்தப்பா. தங்கச்சி கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

மீற்றர் எங்கள் தோட்டத்துக்குள் அப்போது என்னோடு பஸ்ஸில் மட்டும்தான் வந்துபோய்க்கொண்டிருந்தது. கொழுந்தை ராத்தலில் நிறுத்தார்கள். துரை பங்களாவில் மழையை அங்குலத்தில் அளந்தார்கள். டிஸ்பென்சரியில் காய்ச்சல் நூற்றிரண்டு என்றுதான் சொல்வார்கள். கடையில் பாண் ரொட்டி ராத்தல் கணக்கு, பதுளைக்குத் தூரம் கட்டைக் கணக்கு. நான் மட்டும் இராச் சாப்பாட்டின்போது சென்டிமீற்றர் என்று சொல்லி அம்மாவிடம் திட்டு வாங்குவேன். "தின்னுறப்ப கணக்குப் பேசாத. சோறு எறங்காது."

ஒவ்வொரு நாள் சாயங்காலமும் மடுவத்துச் சுவரில் குதிகாலை முட்டுக்கொடுத்து ஓடினேன். நூறாவது கெஜத்தில் தங்கச்சி பழைய சேலைக் கிழிசல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மறுமுனை ஒரு கம்பில் கட்டியிருக்கும். கிழிசலை நெஞ்சால் முட்டி அறுத்த மறுகணமே இரண்டு கையையும் நீட்டி மேட்டில் ஊன்றி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முகம்தான் ஊன்றும். உள்ளங்கை இரண்டும் எப்போதும் செம்மண்ணாகவே இருக்கும்.

"அண்ணே, தெனம் முட்டி முட்டி நீ இந்த மேட்டையே சரிச்சுப்புடுவ. அப்பாவுக்குக் கொந்தரப்புக் காசு கெடைக்கும்" என்பாள் தங்கச்சி.

வட்டாரப் போட்டி வந்தது. பதுளை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகள் வெள்ளையாக நீண்டு கிடந்தன. நான் நன்றாகத்தான் கிளம்பினேன். பாதி தூரத்தில் எனக்கு முன்னால் யாருமே இல்லை. பிறகு யாரும் சொல்லாமலே என் நெஞ்சு முன்னால் போனது, கால் தளர்ந்தது, இரண்டு கையும் தானாக மேலே எழுந்து முன்னால் நீண்டன. எதிரே மேடு இல்லை. வெறும் காற்று இருந்தது. முடிவுக் கோட்டுக் கயிறு இன்னும் தூரத்தில் இருந்தது. நான் மறுபடி வேகம் எடுப்பதற்குள் மூன்று பேர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். நாலாவதாக வந்தேன். நாலு பேரை மாகாணப் போட்டிக்கு எடுத்தார்கள், அதனால் தப்பித்தேன்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, உமக்கென்ன விசரே? கோடு அங்கை கிடக்குது. நீர் இங்கை கையை நீட்டிக்கொண்டு நிக்கிறீர்!"

"மேடு சேர்" என்றேன்.

"என்ன மேடு?"

மடுவத்துச் சுவரிலிருந்து சேலைக் கிழிசல் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"மற்ற எல்லாம் மீற்றருக்கு மாறிப்போச்சு. உம்மடை கால் மட்டும் இன்னும் வெள்ளைக்காரன்ரை கெஜத்திலை ஓடுது" என்றார். "ஒரு மாதம் கிடக்கு. அந்தக் கடைசி ஒன்பது கெஜத்தைப் பழகிக்கொண்டு வாரும். மூன்றுக்குள்ளை வராட்டி, கட்டில் வேறை பெடியனுக்குப் போயிடும். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது."

"ஓம் சேர்" என்றேன். அவரிடம் பேசும்போது எனக்கும் ஓம் வந்துவிடும்.

வீட்டில் சொன்னபோது அப்பா நம்பவில்லை. நான் சொன்ன ஒன்பது கெஜம் காகிதத்தில் வந்தது. அப்பாவுக்குக் காகிதத்தில் வரும் தூரத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. "கெஜத்துக்கும் மீட்டருக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? ரெண்டும் ஒரு கோல்தானே" என்றார்.

அடுத்த சனிக்கிழமை எனக்குக் கால்சட்டைத் துணி எடுக்க அப்பாவும் நானும் பதுளைக் கடைவீதிக்குப் போனோம். நாங்கள் எப்போதும் போகும் கடை முதலாளி முஸ்லிம். தொப்பி போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றபடியே வெற்றிலை போடுவார். அன்று அவர் மேசையில் புதிதாக ஒரு கோல் கிடந்தது.

"என்னா மொதலாளி, ரெண்டு கோலு?" என்றார் அப்பா.

"என்னத்தச் சொல்ல? கவர்மெந்து மீட்டர்ல அளக்கச் சொல்லுது. சனம் கெஜத்துல கேக்குது. கெஜத்துல கேட்டா கெஜத்துல அளந்து, மீட்டர்ல பில் எழுதுறேன். ரா வீட்டுக்குப் போனா தலை சுத்துது" என்றார் முதலாளி. "மகனுக்கா? எம்புட்டு வேணும்?"

அப்பா இரண்டு கோலையும் எடுத்து, ஒரு பக்க நுனியைச் சேர்த்து மேசையில் படுக்க வைத்தார். மறுபக்கம் மீற்றர் கோல் துருத்திக்கொண்டு நின்றது. துருத்தின இடத்தில் அப்பா தன் கைவிரல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். நாலு விரலும் அடங்கி இன்னும் கொஞ்சம் இருந்தது.

"ஒரு கோலுக்கு நாலு விரக்கடை" என்றார் மெதுவாக. "இப்படி நூறு தடவ."

"துணியில நாலு விரக்கடை வந்தா கால்சட்டைக்குப் பாக்கெட்டு வரும்" என்றார் முதலாளி. "அதுக்கு ஏன் மூஞ்சி சுருங்குது?"

"இவன் ஓடுறது துணியில இல்லங்க."

பஸ்ஸில் வழி முழுக்க அப்பா விரல்களை முழங்கால் மேல் நாலு நாலாக வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். ஏழாம் கட்டையில் இறங்கி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"சொவத்த நகத்த முடியாது. மேட்டத்தான் நகத்தணும்."

திங்கட்கிழமை வேலை விட்டதும் அப்பாவும் சித்தப்பாவும் மம்பட்டியோடு மேட்டுக்கு முன்னால் நின்றார்கள். அவர்களுக்கு அது புதிய வேலையே இல்லை. ஒரு கான் வெட்டுவதுதான், தண்ணீருக்குப் பதில் என்னை ஓடவிட. நான் மண்ணை அள்ளிக் கீழே கொட்டினேன். மேட்டை நேராகக் குடைந்து, ஓர் ஆள் கை வீசி ஓடும் அகலத்துக்கு, இரண்டு பக்கமும் மண்சுவர் வைத்து உள்ளே போனார்கள். ஒன்பது கெஜம் ஒரு அடி வரும்வரை வெட்டி, அதற்கு மேலும் நான் நிற்பதற்குக் கொஞ்சம் வெட்டினார்கள். முடிவில் தங்கச்சி பழைய சாக்குகளில் மானாப்புல்லை அடைத்து அடுக்கினாள், நான் முட்டிக்கொள்ள.

மேட்டின் மேலே செடிகள் இருந்தன. இதுதான் விஷயம். வெட்டுகிற இடத்தில் நின்ற செடிகளை அப்பா வேர் மண்ணோடு பிடுங்கிப் பக்கத்தில் வரிசையாக நட்டார்.

"பாதி காஞ்ச செடி. கொழுந்தே வர்றதில்ல" என்றார் சித்தப்பா.

"காஞ்சதோ பச்சையோ, தோட்டத்துச் செடி" என்றாள் அம்மா. சாப்பாடு கொண்டுவந்தவள் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நட்டுட்டா தழைச்சிரும்னு நெனக்கிறீங்களா? அதென்ன கத்தரிச் செடியா?"

"தழையும், தழையும்."

"தழையாட்டி?"

அப்பா மம்பட்டியைக் கழுவினார்.

அம்மா சொன்னதுதான் நடந்தது. இரண்டு வாரத்தில் பிடுங்கி நட்ட செடிகள் எல்லாம் இலை சுருண்டு நின்றன. அந்தப் பழுப்பு நிறத்தைத்தான் தூரத்திலிருந்து கண்டக்டர் ஐயா பார்த்திருக்கிறார். தோட்டத்து மலைகளை எல்லாம் மேற்பார்வை செய்கிறவர் அவர். ஒரு சாயங்காலம் நான் சுவரில் காலை முட்டுக்கொடுத்துக் குனிந்திருந்தபோது கைத்தடியோடு வந்து பள்ளத்தின் வாயில் நின்றார். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"என்னய்யா இது, கானா? யாரு ஓடர் குடுத்தது?"

"யாரும் குடுக்கலைங்க."

"தண்ணி எங்கேருந்து எங்க போகுது?"

"இதுல தண்ணி போகாதுங்க. மகன் போறான்."

கண்டக்டர் ஐயா என்னைப் பார்த்தார். பள்ளத்துக்குள் அடுக்கியிருந்த சாக்குகளைப் பார்த்தார். சேலைக் கிழிசலைப் பிடித்தபடி நின்ற தங்கச்சியைப் பார்த்தார். அப்பா கட்டில் விஷயத்திலிருந்து தொடங்கி நாலு விரக்கடை வரை சொன்னார். சொல்லி முடிக்கும் வரை அவர் தடியால் மண்சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வெட்டு நல்லாத்தான் வெட்டியிருக்க. கொந்தரப்புல வெட்டுறப்ப இந்த நேர் வரமாட்டேங்குதே" என்றார். சித்தப்பா சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். பிறகு கண்டக்டர் ஐயா மேலே ஏறிக் காய்ந்த செடிகளை ஒவ்வொன்றாகத் தடியால் தொட்டு எண்ணினார். "பதினொண்ணு. இத நான் எழுதாம இருக்க முடியாது. அடுத்த கிழமை பெரிய துரை இந்த மலைக்கு வர்றாரு. சம்பளத்துல வெட்டுவாங்க, தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"பள்ளத்த மூடச் சொல்லுவாங்க."

"போட்டி முடியட்டுங்க. நானே மூடிர்றேன்."

அவர் போகப்போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. சட்டைக் கையை மேலே தள்ளிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் விநாடி முள் இருந்தது. எங்கள் லயத்தில் யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. எவ்வளவு நேரத்தில் ஓடுகிறேன் என்று அதுவரை எனக்கே தெரியாது.

"ஓடு பாப்போம்" என்றார்.

ஓடினேன். நூறு கெஜம் தாண்டியதும் இரண்டு பக்கமும் மண்சுவர் வந்து மூடிக்கொண்டது. ஈரமண் வாசனை. கை முன்னால் எழப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன். கிழிசலை அறுத்துக்கொண்டு போய்ச் சாக்குகளில் விழுந்தேன்.

"பன்னெண்டுக்கும் பதிமூணுக்கும் நடுவுல" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "பள்ளத்துக்குள்ள போனதும் ஏன்டா தலையக் குனியிற? ஒன் தலையில என்ன கூரையா இடிக்குது?"

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். செடிக் கணக்கை எழுதியும் விட்டார்.

மாகாணப் போட்டிக்கு என்னோடு தங்கச்சியும் சித்தப்பாவும் வந்தார்கள். அப்பாவுக்கு அன்று பேர் வெட்டிவிடுவார்கள், ஒரு நாள் கூலி போய்விடும் என்று பயம், வரவில்லை. வெயில் இருந்தது, மாஸ்டர் தொப்பியோடு முடிவுக் கோட்டில் நின்றார். வெடிச்சத்தம் கேட்டதும் கிளம்பினேன். இந்தத் தடவை என் முன்னால் நாலு முதுகு இருந்தது. எத்தனை தூரம் வந்தேன் என்று கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் நூறாவது கெஜம் வந்தது எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் ஈரமண் வாசனை வந்தது. சத்தியமாக வந்தது. மைதானத்தில் புழுதி மட்டும்தான் இருந்தது என்று பிறகு தங்கச்சி சொன்னாள். தலை குனியவில்லை. கை எழவில்லை. பக்கத்துக் கோட்டில் ஓடிய பையன் அந்த இடத்தில் கொஞ்சம் தளர்ந்தான். அவனும் எங்கேயோ ஒரு மலையில் கெஜத்தில் ஓடிப் பழகியிருப்பானோ என்று இன்றைக்கும் யோசிப்பேன். அவனைத் தாண்டினேன். கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொருவனை நெஞ்சளவில் தாண்டினேன். சாக்குகள் இல்லாததால் வெகுதூரம் ஓடிப்போய்த்தான் நின்றேன்.

"மூன்றாவது" என்றார் மாஸ்டர். கொஞ்சம் கழித்து, "கட்டிலுக்குப் பாய் நீர்தான் கொண்டுவர வேணும்" என்றார்.

ஏழாம் கட்டையிலிருந்து தங்கச்சி எனக்கு முன்னால் ஓடிப்போய் லயத்தில் சொல்லிவிட்டாள். அப்பா வீட்டில் இல்லை. மடுவத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். விளக்கு வைக்கும் நேரம். பள்ளத்தில் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். நானும் ஒரு மம்பட்டியை எடுத்துக்கொண்டேன்.

"கடேசி ஒம்பது கெஜம் எப்படி?" என்றார்.

"அதுலதான் ரெண்டு பேரைத் தாண்டினேன்பா."

"ம்" என்றார். மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டே சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதச் சம்பளத்தன்று அப்பா கொண்டுவந்த காசை அம்மா பாயில் வைத்து எண்ணினாள். செடிக்கு நாலு ரூபாய் வீதம் பதினொரு செடிக்குப் பிடித்திருந்தார்கள். அம்மா அதை ஒன்பது கெஜத்தால் பிரித்துப் பார்த்தாள். பள்ளிக்கூடம் போகாதவள், விரல்விட்டுத்தான் பிரித்தாள், கொஞ்சம் நேரம் ஆனது.

"கெஜம் அஞ்சு ரூவாய்க்குக் கிட்ட வருது" என்றாள். "இந்த வெலைக்குப் பதுளையில நல்ல சீத்தைத் துணியே எடுத்திருக்கலாம். அதுலயாச்சும் பாவாடை தைக்கலாம்."

"மீட்டர் கணக்குல பாத்தா இன்னும் வெல ஏறும், தாயே" என்றார் அப்பா.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பாயையும் ஒரு போர்வையையும் சேர்த்துக் கட்டத் தொடங்கினாள். முடிச்சு இறுகியதும் இன்னொரு தடவை சொன்னாள், மறந்துவிடக் கூடாது என்பதுபோல, எங்கள் எல்லோருக்கும் கேட்க: நாப்பத்தி நாலு ரூவா.